12 வகை மாறிகள், 66 ஜோடிகள்: கை-வர்க்கச் சோதனையை லூப்பில் ஓட்டினால் எதை நம்புவது?

நெசவுநிரல் (கேள்வி)

ஒரு கருத்துக்கணிப்புத் தரவு. 412 வரிசைகள், 12 பத்திகள். எல்லாமே வகை மாறிகள்: சிலவற்றில் ஆம்/இல்லை மட்டும், சிலவற்றில் 4 அல்லது 5 வகைகள், 'தொழில்' பத்தியில் மட்டும் 9 வகைகள். எந்தெந்தப் பத்திகளுக்கு இடையே தொடர்பு இருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்க வேண்டும்.

ஆர் மொழியில் 'காம்ப்என்' கொண்டு பத்திப் பெயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தேன். 66 ஜோடி வந்தது. ஒவ்வொன்றுக்கும் 'டேபிள்' போட்டு, அதை கை-வர்க்கச் சோதனை (கிரேக்க எழுத்தான 'கை'யின் பெயரில் உள்ளது; இரண்டு வகை மாறிகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும்) செய்யும் 'கைஸ்க்.டெஸ்ட்' ஃபங்ஷனுக்குக் கொடுத்து, பி-மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) டேட்டா ஃப்ரேமில் சேர்க்கிறேன். லூப் ஓடி முடிகிறது. வந்த விடைகள்தான் குழப்புகின்றன.

23 ஜோடிகளுக்கு 'கை-வர்க்கத் தோராயம் தவறாக இருக்கலாம்' என்று எச்சரிக்கை. 3 ஜோடிகளுக்கு விடையே என்ஏஎன் ('எண் இல்லை'). எச்சரிக்கை வந்தவற்றுக்கு 'ஃபிஷர்.டெஸ்ட்' (தோராயம் இல்லாமல் துல்லியமாகக் கணக்கிடும் சோதனை) போட்டால் சில ஓடுகின்றன. தொழில் பத்தி வந்தால் ஒர்க்ஸ்பேஸ் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. 17 ஜோடிகளில் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே. இவற்றில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

இன்னொன்று. பயிற்சி எடுத்தவர்களிடம் மட்டும் கேட்ட இரண்டு கேள்விகளில் 100 பேர்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த 2×2 அட்டவணையைக் கையால் போட்டால் கை-வர்க்கம் 4, பி-மதிப்பு 0.0455. ஆர் சொல்வதோ 3.24, 0.0719. எங்கே தப்பு?

க்ராமர் வி (தொடர்பின் வலு, 0 முதல் 1 வரை) மதிப்புகளை வைத்து ஹீட்மேப்பும் போட்டேன். தொழில் பத்தி எல்லாப் பத்திகளோடும் பளிச்சென்று தெரிகிறது. உண்மையிலேயே அது எல்லாவற்றோடும் தொடர்புள்ளதா?

கட்டக்கணக்கு

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். உங்கள் கைக்கணக்கும் சரி, ஆர் சொன்னதும் சரி. 2×2 என்றால் ஆர் கேட்காமலே யேட்ஸ் திருத்தத்தைப் போட்டுவிடும். அட்டவணை அநேகமாக இப்படி இருக்கும்:

நேரடி வகுப்பு: முடித்தவர் 30, விட்டவர் 20
ஆன்லைன் வகுப்பு: முடித்தவர் 20, விட்டவர் 30

நான்கு கட்டங்களிலும் எதிர்பார்த்த எண்ணிக்கை (தொடர்பே இல்லாவிட்டால் வர வேண்டியது) 25, வித்தியாசம் 5. ஐந்தின் வர்க்கத்தை 25-ஆல் வகுத்தால் 1. நான்கு கட்டத்துக்கும் கூட்டினால் 4. யேட்ஸ் 1934-இல் சொன்ன திருத்தம், வித்தியாசத்திலிருந்து அரையைக் கழித்துவிட்டு வர்க்கம் எடுப்பது. 4.5-இன் வர்க்கம் 20.25, வகுத்தால் 0.81, நான்கு மடங்கு 3.24. 'கரெக்ட்' என்ற ஆர்க்யுமென்ட்டை ஃபால்ஸ் ஆக்கினால் 4 வந்துவிடும்.

66 ஜோடிகளை வரிசைப்படுத்தும் வேலைக்கு அதை ஃபால்ஸ் என்றே வையுங்கள். இல்லாவிட்டால் 2×2 ஜோடிகள் மட்டும் திருத்தத்தோடும் மற்றவை திருத்தம் இல்லாமலும் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கும். க்ராமர் வி கணக்கிடவும் திருத்தம் இல்லாத கை-வர்க்கம்தான் வேண்டும்: 4/100-இன் வர்க்கமூலம் 0.2. 3.24-ஐப் போட்டால் 0.18 வரும், அது தப்பு.

அடுத்து என்ஏஎன். இது கணிதச் சிக்கல் இல்லை, ஃபேக்டர் (ஆர் வகை மாறியைச் சேமிக்கும் வடிவம்; அதன் வகைகள்தான் லெவல்கள்) சிக்கல். தரவை எங்காவது வடிகட்டியிருப்பீர்கள். ஆள் போய்விட்டாலும் லெவல் பெயர் ஃபேக்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'டேபிள்' அதற்கும் ஒரு வரிசை ஒதுக்கி 0, 0, 0 என்று நிரப்பும். வரிசைக் கூட்டுத்தொகை 0 என்றால் எதிர்பார்த்த எண்ணிக்கையும் 0. அப்புறம் 0-ஐ 0-ஆல் வகுக்கும்போது என்ஏஎன். லூப்புக்குள், ஜோடியின் விடுபட்ட வரிசைகளை நீக்கிய பிறகு 'டிராப்லெவல்ஸ்' போடுங்கள். நீக்குவதற்கு முன்பு போட்டுப் பயனில்லை, ஏனென்றால் நீக்கும்போதுதான் சில லெவல்கள் காலியாகின்றன. அட்டவணைக்குப் பதில் இரண்டு பத்திகளை நேரடியாக 'கைஸ்க்.டெஸ்ட்'டுக்குக் கொடுத்தால் அதுவே காலி லெவல்களை உதறிவிடும்.

காலி லெவலை உதறிய பிறகு ஒரு பத்தியில் ஒரே வகைதான் மிஞ்சுகிறது என்றால் அங்கே இன்னும் மோசமான பொறி இருக்கிறது. ஒற்றைப் பத்தி உள்ள அட்டவணையை 'கைஸ்க்.டெஸ்ட்' வெக்டராக எடுத்துக்கொண்டு பொருத்தச் சோதனையை ஓட்டிவிடும். பிழைச் செய்தி வராது, பி-மதிப்பும் அழகாக வரும். ஆனால் அது 'எல்லா வகையும் சம அளவில் இருக்கின்றனவா' என்ற வேறு கேள்விக்கான விடை. பெரும்பாலும் மிகச் சிறிய பி-மதிப்பாக வந்து பட்டியலின் உச்சியில் நிற்கும். லூப்பில் வரிசை எண்ணிக்கையும் பத்தி எண்ணிக்கையும் குறைந்தது 2 என்று சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

100 பேர் கதைக்கு வருவோம். 'டேபிள்' விடுபட்ட மதிப்புகளைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுக்கிவிடும். ஆகவே 66 ஜோடிக்கும் மொத்த எண்ணிக்கை வெவ்வேறு. பி-மதிப்போடு மொத்த எண்ணிக்கை, வரிசை எண்ணிக்கை, பத்தி எண்ணிக்கை, மிகச்சிறிய எதிர்பார்த்த எண்ணிக்கை, கை-வர்க்கம், டிஎஃப் (கட்டின்மைக் கூறுகளின் எண்ணிக்கை) எல்லாவற்றையும் டேட்டா ஃப்ரேமில் சேருங்கள். 412 பேரில் வந்த 0.03-உம் 100 பேரில் வந்த 0.03-உம் ஒன்றல்ல. ஒரே விகிதம் இருக்கும்போது கை-வர்க்கம் ஆள் எண்ணிக்கையோடு நேராக வளரும்: மேலே உள்ள அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் 10-ஆல் பெருக்கினால் 4 என்பது 40 ஆகிவிடும். க்ராமர் வி அப்போதும் 0.2-தான்.

தரவு தமிழில் தட்டச்சு செய்தது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 'தொழிலாளி' என்ற சொல்லில் உள்ள 'தொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஆருக்கு அவை இரண்டு லெவல்கள். 9 வகைகள் என்கிறீர்களே, அதில் ஒன்று இப்படி வந்த இரட்டைப் பிறவியாக இருக்கலாம். 'ஸ்ட்ரிங்ஐ' தொகுப்பில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷனைப் போட்டு, ஓர இடைவெளிகளையும் வெட்டிவிட்டு, மறுபடி லெவல்களை எண்ணுங்கள். 'ஆம்' என்பதும் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிய 'ஆம்' என்பதும் வேறு வேறாக எண்ணப்படுவது இதைவிட அடிக்கடி நடப்பது.

அரைச்சுற்று

எச்சரிக்கை வந்தவற்றுக்கெல்லாம் ஃபிஷர் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. ஒர்க்ஸ்பேஸ் பிழை வந்தால் அந்த அளவைக் கூட்டினால் போகும்.

சுழல்எண்

அவ்வளவு சுலபம் இல்லை. ஒர்க்ஸ்பேஸின் இயல்பு அளவு 200000; ஒவ்வொன்றும் 4 பைட். 2 கோடி என்று வைத்தால் 80 எம்பி ஆகும், அது பரவாயில்லை. ஆனால் 9×5 அட்டவணையில் 412 பேர் என்றால், அந்த ஓரக் கூட்டுத்தொகைகளுக்குள் (வரிசை, பத்தி மொத்தங்களுக்குள்) அமையக்கூடிய அட்டவணைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காது. நினைவகம் கொடுத்தாலும் கணினி நெடுநேரம் முனகிக்கொண்டிருக்கும்.

அதற்கு முன் அந்த எச்சரிக்கைக்கு எவ்வளவு மதிப்பு தருவது என்று பார்ப்போம். ஒரே ஒரு கட்டத்தில் எதிர்பார்த்த எண்ணிக்கை 5-க்குக் கீழே போனாலும் ஆர் எச்சரிக்கும். கவனியுங்கள், எதிர்பார்த்த எண்ணிக்கை. அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை இல்லை. கட்டத்தில் 2 பேர்தான் இருந்தாலும் எதிர்பார்த்தது 11 என்றால் சிக்கல் ஏதும் இல்லை. வழக்கத்தில் உள்ள காக்ரன் விதி இன்னும் தளர்வானது: 5-க்குக் கீழே உள்ள கட்டங்கள் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எதுவும் 1-க்குக் கீழே போகக்கூடாது. 5×5 அட்டவணையின் 25 கட்டங்களில் 4 கட்டங்களுக்கு 3.8, 4.2 என்று வந்தால் விட்டுவிடலாம். உங்கள் 23 எச்சரிக்கைகளில் கணிசமான பகுதி இதிலேயே கழிந்துவிடக்கூடும். சோதனை திருப்பித் தரும் பொருளில் 'எக்ஸ்பெக்டட்' என்ற பகுதி இருக்கிறது. அதில் 5-க்குக் கீழே உள்ளவற்றின் விகிதத்தை எடுத்து ஒரு பத்தியாகச் சேர்த்தால் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

மிஞ்சியவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் ஆள் குறைந்த வகை. ஒரு வகையில் 4 பேர்தான் என்றால், எந்தப் பத்தியோடு சேர்த்தாலும் அந்த வரிசையில் ஒரு கட்டம்கூட 5-ஐத் தொடாது. எதிர்ப்பத்தியில் 4 வகைகள் சம அளவில் இருந்தால் அந்த வகையில் குறைந்தது 20 பேர் வேண்டும். சமமாக இல்லாவிட்டால் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட வகையைப் பொருளில் நெருங்கிய வகையோடு சேருங்கள். எதை எதோடு சேர்ப்பது என்பதை முடிவுகளைப் பார்க்கும் முன்பே தீர்மானித்து, எல்லா ஜோடிகளுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். பி-மதிப்பு இறங்கும் வரை வகைகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்ப்பது சோதனையே இல்லை. 'ஃபோர்கேட்ஸ்' தொகுப்பில் இத்தனைக்குக் கீழே இருந்தால் 'மற்றவை'யில் போடு என்று சொல்ல வசதி இருக்கிறது. ஆனால் மாணவரையும் ஓய்வுபெற்றவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு அந்த 'மற்றவை'க்கு என்ன பொருள் சொல்வீர்கள்?

சேர்க்க முடியாதவற்றுக்கு மான்டே கார்லோ. 'கைஸ்க்.டெஸ்ட்'டிலேயே 'சிமுலேட்.பி.வேல்யூ'வை ட்ரூ என்று வையுங்கள். ஓரக் கூட்டுத்தொகைகளை அப்படியே வைத்துக்கொண்டு தற்செயலாக அட்டவணைகளை உருவாக்கி, அவற்றில் எத்தனையில் கை-வர்க்கம் உங்களுடையதை எட்டுகிறது என்று எண்ணும். டிஎஃப் இடத்தில் என்ஏ வரும், பயப்பட வேண்டாம். இந்த வழியில் அது தேவையில்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இயல்பாக 2000 அட்டவணைகள்தான் உருவாகும். ஆகவே கிடைக்கக்கூடிய மிகச்சிறிய பி-மதிப்பு 1/2001, அதாவது சுமார் 0.0005. பல சோதனைகளுக்கான பான்ஃபெரோனி திருத்தம் பி-மதிப்பைச் சோதனை எண்ணிக்கையால் பெருக்கும். உங்கள் 66 சோதனைகளுக்கு அதைப் பெருக்கினால் 0.033, எப்படியோ 0.05-க்குள் வந்துவிடுகிறது. 2000-இல் ஒரே ஒரு அட்டவணை உங்களுடையதை எட்டிவிட்டாலும் 2/2001 ஆகி, 66 மடங்கு 0.066, கதை மாறிவிடும். 20 பத்திகள் என்றால் 190 ஜோடிகள். 190 மடங்கு 0.095. தொடர்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் பான்ஃபெரோனியில் ஒன்றுகூடத் தேறாது! எண்ணிக்கையை 99999 என்று வையுங்கள். எல்லா ஜோடிக்கும் வேண்டாம், காக்ரன் விதியில் விழுந்தவற்றுக்கு மட்டும் போதும். லூப்புக்கு முன்னால் 'செட்.சீட்' மறக்க வேண்டாம், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் நகரும்.

17-இல் எது உண்மை என்ற கேள்வி. எந்த ஜோடிக்குமே தொடர்பு இல்லை என்றாலும் 66 சோதனைகளில் சராசரியாக 3.3 சோதனைகள் 0.05-க்குக் கீழே வரும். 17 வந்திருப்பதால் ஏதோ இருக்கிறது, ஆனால் 17-உம் இல்லை. 66 பி-மதிப்புகளையும் ஒரே வெக்டராக, பல சோதனைகளுக்காக அவற்றைத் திருத்தும் 'பி.அட்ஜஸ்ட்'டுக்குக் கொடுங்கள். லூப்புக்குள் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒரே ஒரு சோதனை என்று நினைத்து அப்படியே திருப்பித் தந்துவிடும். 17-ஐ மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதும் ஏமாற்றுதான். இயல்பான முறை ஹோல்ம். ஜோடிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் அது செல்லும் (உங்களுடையவை சார்ந்தவைதான், ஒரே பத்தி 11 ஜோடிகளில் வருகிறது). ஒரு தவறான கண்டுபிடிப்புகூடக் கூடாது என்றால் ஹோல்ம். மேற்கொண்டு ஆராய ஒரு குறும்பட்டியல் போதும், அதில் 5 சதவீதம் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் பெஞ்சமினி-ஹாக்பெர்க். உங்கள் தேவையைப் பார்த்தால் இரண்டாவது பொருந்தும்.

கட்டக்கணக்கு

ஹீட்மேப் கேள்வியை யாரும் தொடவில்லை. அது இந்த இழையிலேயே சுவையானது.

தொடர்பே இல்லாதபோதும் கை-வர்க்கம் 0 ஆகாது. அதன் சராசரி கிட்டத்தட்ட டிஎஃப் அளவு இருக்கும், அதாவது வரிசை எண்ணிக்கையில் 1 குறைத்து, பத்தி எண்ணிக்கையில் 1 குறைத்து, இரண்டையும் பெருக்கியது. க்ராமர் வி-யின் வர்க்கம் என்பது கை-வர்க்கத்தை, ஆள் எண்ணிக்கையும் அந்த இரண்டில் சிறியதும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுப்பது. கை-வர்க்கத்தின் இடத்தில் டிஎஃப்-ஐப் போட்டால் சிறியது அடிபட்டு, பெரியது மட்டும் மிஞ்சும். அதாவது வெறும் இரைச்சலால் வரும் வி-யின் வர்க்கம், சுமாராகப் பெரிய பக்கத்தின் வகை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, ஆள் எண்ணிக்கையால் வகுத்தது.

உங்கள் எண்களைப் போடுங்கள். தொழில் 9 வகைகள்: 8/412 = 0.0194, வர்க்கமூலம் 0.139. எதிரில் 2 வகைப் பத்தி வந்தாலும் 5 வகைப் பத்தி வந்தாலும் இதே 0.139-தான். ஆம்/இல்லை ஜோடிகளுக்கு 1/412, வர்க்கமூலம் 0.049. தொழில் பத்தி ஒன்றுமே செய்யாமல் மற்றவற்றைவிட மூன்று மடங்கு பளிச்சிடுவதன் காரணம் இதுதான்.

பெர்க்ஸ்மா 2013-இல் தந்த திருத்தம் இதைச் சரிசெய்யும். கை-வர்க்கத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, அதிலிருந்து டிஎஃப்-ஐ (ஆள் எண்ணிக்கை − 1)-ஆல் வகுத்ததைக் கழியுங்கள். எதிர்மம் வந்தால் 0 என்று வையுங்கள். வரிசை எண்ணிக்கையிலிருந்து, (வரிசை − 1)-இன் வர்க்கத்தை (ஆள் எண்ணிக்கை − 1)-ஆல் வகுத்ததைக் கழியுங்கள், பத்திக்கும் அப்படியே. இந்தப் புது எண்களில் சிறியதிலிருந்து 1 குறைத்து வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். நான்கே வரி ஃபங்ஷன். அதை வைத்து ஹீட்மேப்பை மறுபடி போட்டால் தொழில் பத்தியில் பாதி அணைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பாம்புவழி

பைத்தானில் இதையே செய்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாண்டாஸின் 'கிராஸ்டேப்', சைபையின் 'கை2_கன்டிஞ்ஜென்சி', ஜோடிகளுக்கு 'இட்டர்டூல்ஸ்' தொகுப்பின் 'காம்பினேஷன்ஸ்'. இங்கும் 2×2-க்கு யேட்ஸ் திருத்தம் தானாகவே ஓடும், 'கரெக்‌ஷன்' ஃபால்ஸ் என்று சொல்லி நிறுத்த வேண்டும். காலி வரிசை இருந்தால் ஆர் போல என்ஏஎன் தராமல் பிழை சொல்லி நின்றுவிடும். இதுதான் நல்ல பழக்கம்.

அட்டவணையைப் பார்க்க வசதியாக 'மார்ஜின்ஸ்' ட்ரூ என்று வைத்து, கூட்டுத்தொகை வரிசையோடும் பத்தியோடும் சேர்த்து அப்படியே சோதனைக்குக் கொடுப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வேடிக்கை என்னவென்றால் கை-வர்க்கம் மாறவே மாறாது. கூட்டுத்தொகைக் கட்டங்களில் எதிர்பார்த்ததும் கண்டதும் ஒன்றாகவே வரும், உள்கட்டங்களில் எதிர்பார்த்த எண்ணிக்கை பழையதே. அதனால் கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் 'சரியாக இருக்கிறது' என்று விட்டுவிடுவார். மாறுவது டிஎஃப். 2×2 அட்டவணை 3×3 ஆகி, 1 இருக்க வேண்டிய இடத்தில் 4 வரும். கை-வர்க்கம் 5.0 என்றால் பி-மதிப்பு 0.025-க்குப் பதில் 0.287. கட்டின்மைக் கூறுகளை எண்ணுவதில் 1900-இல் கார்ல் பியர்சனே தவறினார், 1922-இல் ஃபிஷர்தான் அதைத் திருத்தினார் என்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அச்சிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்குப் பதில் சதவீத அட்டவணையைக் கொடுப்பதும் இதே வகை. 'நார்மலைஸ்' போட்ட அட்டவணையில் மொத்தமே 1. சோதனை ஒரே ஒரு ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

நெசவுநிரல்

நன்றி. தொழில் பத்தியில் 'தொழிலாளி' இரண்டு தடவை இருந்தது, இப்போது 8 வகைகள். காலி லெவல்களை நீக்கியதும் என்ஏஎன் போய்விட்டது. யேட்ஸையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். சில பத்திகள் வரிசை உள்ளவை: அதிகம், நடுத்தரம், குறைவு என்று. அவற்றுக்கும் இதே சோதனைதானா? 'பயிற்சிக்கு முன் நம்பிக்கை', 'பயிற்சிக்குப் பின் நம்பிக்கை' என்று இரண்டு ஆம்/இல்லை பத்திகள் இருக்கின்றன. அந்த ஜோடிதான் பட்டியலில் முதலிடம். அதை எப்படிப் படிப்பது?

சுழல்எண்

முன்–பின் ஜோடியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை சொன்ன பதில்களுக்குள் தொடர்பு இல்லாவிட்டால்தான் அதிசயம். அங்கே கேட்க வேண்டியது 'மாறினார்களா' என்று. அதற்கு மெக்நீமர் சோதனை. மாறாதவர்களை அது கணக்கில் எடுக்காது. இல்லையிலிருந்து ஆமுக்கு 25 பேரும் ஆமிலிருந்து இல்லைக்கு 10 பேரும் போனார்கள் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 15-இல் ஒன்றைக் குறைத்து 14, அதன் வர்க்கம் 196, அதை 35-ஆல் வகுத்தால் 5.6, பி-மதிப்பு சுமார் 0.018. மூன்று வகை இருந்தாலும் அதே ஃபங்ஷன் சதுர அட்டவணையை ஏற்கும்.

ஒரு கேள்விக்குப் பல பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற மாதிரிக் கேள்வி ஏதாவது இருந்தால், அதை ஆளுக்குப் பல வரிசையாக விரித்து எண்ணாதீர்கள். ஒரே ஆள் பல தடவை எண்ணப்படுவார். சோதனையின் அடிப்படையே போய்விடும். ஒவ்வொரு பெட்டியையும் தனி ஆம்/இல்லை பத்தியாக வையுங்கள். எடை போட்ட கருத்துக்கணிப்பு என்றாலும் எடைகளைக் கூட்டிய அட்டவணையைக் 'கைஸ்க்.டெஸ்ட்'டுக்குக் கொடுக்கக்கூடாது; 'சர்வே' தொகுப்பின் 'எஸ்விஒய்கைஸ்க்' அதற்காகவே இருக்கிறது, ராவ்–ஸ்காட் திருத்தத்தோடு.

வரிசை உள்ள வகைகள்: கை-வர்க்கம் தவறாகாது, ஆனால் வரிசையைப் பார்க்காது. வகைகளைக் குலுக்கிப் போட்டாலும் அதே விடை தரும். படிப்பு 4 படி, திருப்தி 5 படி என்றால் டிஎஃப் 12. 5 சதவீத எல்லை 21.03. ஒரே திசையில் மெல்ல ஏறும் தொடர்பை 12 பங்காகப் பிரித்துத் தேடினால் கண்ணில் படாது. படிகளுக்கு 1, 2, 3 என்று மதிப்பெண் கொடுத்து, ஒட்டுறவுக் கெழுவின் வர்க்கத்தை (ஆள் எண்ணிக்கை − 1)-ஆல் பெருக்குங்கள். கெழு 0.12 என்றால் 0.0144 × 411 = 5.92, டிஎஃப் 1, எல்லை 3.84. தாண்டிவிட்டது. இதைத்தான் நேர்கோட்டுத் தொடர்புச் சோதனை என்பார்கள். 'காயின்' தொகுப்பில் தயாராகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் வரிசை உள்ள ஜோடிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். எந்த ஜோடிக்கு எந்தச் சோதனை என்பதை ஓட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். இரண்டையும் ஓட்டிவிட்டுச் சிறிய பி-மதிப்பை எடுப்பது கூடாது.

இதில் ஒரு பொறி: ஆர் ஃபேக்டரை அகரவரிசையில் அடுக்கும். உங்கள் வகைகள் அதிகம், குறைவு, நடுத்தரம் என்று அடுக்கப்படும்! அதை 1, 2, 3 ஆக்கினால் 'குறைவு' நடுவில் வந்து உட்காரும். கை-வர்க்கத்துக்கு அது ஒரு பொருட்டில்லை, நேர்கோட்டுச் சோதனைக்கு எல்லாமே பாழ். லெவல்களை நீங்களே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டக்கணக்கு

தேறிய ஜோடிகளை எழுதும்போது 'தொடர்பு உண்டு' என்று நிறுத்தாமல் எந்தக் கட்டத்தால் என்று சொல்லுங்கள். சோதனை தரும் பொருளில் 'ரெசிடுவல்ஸ்', 'எஸ்டிடிரெஸ்' என்று இரண்டு இருக்கும்; ஒவ்வொரு கட்டமும் எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்பவை. இரண்டாவதைப் பாருங்கள், அதுதான் இயல்நிலைப் பரவலோடு ஒப்பிடக்கூடியது. நான் மேலே போட்ட 30, 20 அட்டவணையில் முதலாவது 1, இரண்டாவது 2. முதலாவதை வைத்து '2-ஐத் தாண்டவில்லை' என்று விட்டவர்கள் உண்டு.

மூன்றாவது மாறியையும் மறக்க வேண்டாம். ஆரோடு வரும் 'யூசிபிஅட்மிஷன்ஸ்' தரவில், 1973-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 6 துறைகளுக்கு விண்ணப்பித்த 4526 பேர் இருக்கிறார்கள். பால் × சேர்க்கை என்று ஜோடியாகப் பார்த்தால் ஆண்களில் 2691-க்கு 1198, பெண்களில் 1835-க்கு 557, 44.5 சதவீதம், 30.4 சதவீதம். கை-வர்க்கம் பிரம்மாண்டமாக வரும். துறை துறையாகப் பிரித்தால் முதல் துறையில் ஆண்கள் 62 சதவீதம், பெண்கள் 82 சதவீதம். மற்றவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைக்கக் கடினமான துறைகளுக்கு. ஜோடி ஜோடியாக ஓடும் லூப் இதை எந்தக் காலத்திலும் காட்டாது. 'மேன்டல்ஹேன்.டெஸ்ட்' துறையை நிறுத்திவைத்துப் பார்க்கும். ஆனால் துறைகளுக்குள் தொடர்பு வேறு வேறு அளவில் இருந்தால், அது தரும் ஒற்றை எண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு துறை அட்டவணையையும் பாருங்கள்.

பாம்புவழி

லூப் எழுதி முடித்ததும் சரிபார்க்க 'ஹேர்ஐகலர்' தரவு வசதி. 592 பேர், முடி நிறம் 4, கண் நிறம் 4. அது பாலையும் சேர்த்து முப்பரிமாண அட்டவணை, ஆகவே முதல் இரண்டு பரிமாணங்களுக்குக் கூட்டித்தொகுத்துவிட்டுக் கொடுங்கள். கை-வர்க்கம் 138.29, டிஎஃப் 9, க்ராமர் வி 0.279 வர வேண்டும். மிகச்சிறிய எதிர்பார்த்த எண்ணிக்கை சிவப்பு முடி–பச்சைக் கண் கட்டத்தில் 7.68; எச்சரிக்கை வரக்கூடாது. பொன்னிற முடி–நீலக் கண் கட்டத்தில் 94 பேர், எதிர்பார்த்தது 46.1, 'ரெசிடுவல்ஸ்' 7.05, 'எஸ்டிடிரெஸ்' சுமார் 9.97. டிஎஃப் 16 என்று வந்தால் கூட்டுத்தொகையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்.